பூசலார் அடித்தளத்திலிருந்து தொடங்கினார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கற்பனையின் ஆற்றல் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். கற்பனை மனிதனுக்குள் இருக்கும் தெய்வ சக்தி, அதைக் கொண்டு வாழ்க்கையை எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளலாம் என்றது கட்டுரை. பகல் கனவுக்கு வைத்த பக்திப் பெயர்தான் இது என்று ஒரு வாசகர் எழுதினார். நினைத்தால் போதும், மீதியைப் பிரபஞ்சம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வாசகி அவருக்குப் பதில் எழுதினார். இரண்டையும் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் பிசியோதெரபி செய்கிறவள். பக்கவாதம் வந்தவர்கள், எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர்கள், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், இவர்களோடுதான் என் பகல் பொழுது போகிறது. கடவுள் நம்பிக்கை உள்ளவள். கற்பனை கடவுள் தந்த படைப்புச் சக்தி என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. உலகத்தைப் படைத்தவன் தன் தொழிலில் ஒரு பங்கை மனிதனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான் என்றால் அது இதுதான்: இன்னும் இல்லாத ஒன்றை உள்ளே உண்டாக்கிப் பார்ப்பது, பிறகு அதை வெளியே கொண்டுவருவது. ஆனால் அந்தச் சக்தியைக் கேட்டதைக் கொண்டுவந்து தரும் சக்தியாகவே எல்லோரும் பேசுகிறோம். நான் பார்த்தவரை அது கட்டுகிற சக்தி. கட்டும் வேலையை மனத்தில் செய்கிறவருக்கு அது அள்ளிக் கொடுக்கிறது. முடிந்துபோன பலனை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறவரிடமிருந்து, இருக்கிற தெம்பையும் எடுத்துக்கொள்கிறது.

முதலில் இந்தக் கருத்து எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குச் செல்போனில் சுற்றும் அரை நிமிட வீடியோக்களில் பலவற்றுக்கு மூலம் நெவில் காடார்ட் என்பவர். கரீபியன் கடலில் உள்ள பார்படோஸ் தீவில் 1905-இல் பிறந்தவர். பதினேழு வயதில் நாடகம் படிக்க நியூயார்க் போனார், மேடையில் ஆடினார், நடித்தார், பிறகு பேச்சாளராகி 1972-இல் லாஸ் ஏஞ்சலஸில் இறக்கும்வரை ஒரே செய்தியைச் சொன்னார். மனிதனின் கற்பனையே கடவுள், வேண்டியது கிடைத்துவிட்டது என்ற உணர்வில் இப்போதே வாழுங்கள் என்பதுதான் அது. இங்கிலாந்துக் கவிஞர் வில்லியம் பிளேக் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே கற்பனையைத் தெய்வமாகப் பாடிவிட்டார். கவிஞர் கோலரிட்ஜ் 1817-இல், எல்லையற்ற இறைவன் ஓயாமல் செய்யும் படைப்பு எல்லைக்குட்பட்ட மனத்தில் மறுபடி நிகழ்வதுதான் கற்பனை என்ற பொருளில் எழுதினார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு ஸ்பெயினில் பிறந்து டமாஸ்கஸில் 1240-இல் மறைந்த சூஃபி ஞானி இப்னு அரபி, கற்பனையை இறைவனுக்கும் உலகுக்கும் நடுவில் உள்ள ஒரு தனி உலகமாகவே கண்டார். ஆக, இதை நேற்று முளைத்த வியாபாரம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. வெவ்வேறு சமயங்களில், வெவ்வேறு நாடுகளில், ஆழமானவர்கள் தொட்டுப் பார்த்த உண்மை இது.

நெவில் காடார்ட் சொன்ன ஒரு விஷயம் என் தொழிலுக்கு மிகவும் நெருக்கமானது. பெரிய பெரிய காட்சிகளைப் பரப்பிக்கொள்ளாதீர்கள், ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், அதை வெளியே நின்று பார்க்காமல் உள்ளே நின்று அனுபவியுங்கள் என்றார். நண்பர் கைகுலுக்கினால் அந்தக் கையின் அழுத்தத்தை உணருங்கள் என்றார். உடம்பு நம்புகிற அளவுக்குக் கற்பனை நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதை அவர் பிடித்துவிட்டார். வீடியோக்களில் இந்த நுணுக்கம் போய்விட்டது. காரும் பங்களாவும் மட்டும் மிச்சம்.

கற்பனை உடம்பைத் தொடுமா என்று கேட்கும் வாசகருக்காக மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன். 1992-இல் யூ, கோல் என்ற இருவர், சுண்டுவிரலை விலக்கும் தசையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நான்கு வாரம் உண்மையாகவே பயிற்சி செய்தவர்களுக்குத் தசையின் வலு சுமார் 30 சதவீதம் கூடியது. விரலை அசைக்காமல், அசைப்பதாக முழு முயற்சியோடு கற்பனை மட்டும் செய்தவர்களுக்குச் சுமார் 22 சதவீதம் கூடியது. தசை பெருக்கவில்லை, தசைக்கு ஆணை அனுப்பும் மூளை கற்றுக்கொண்டுவிட்டது. அப்புறம் 1995-இல் பாஸ்குவல் லியோன் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, பியானோ வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தது. தினமும் இரண்டு மணி நேரம், ஐந்து நாள். ஒரு பிரிவினர் கையால் வாசித்தார்கள், இன்னொரு பிரிவினர் கையை அசைக்காமல் மனத்தில் வாசித்தார்கள். விரல்களை ஆளும் மூளைப் பகுதியில் இரு பிரிவினருக்கும் ஒரே மாதிரி மாற்றம் தெரிந்தது. வாசிப்பில் மட்டும் மனத்தில் பயின்றவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். ஒரே ஒரு முறை கையால் பயின்றதும் அந்த இடைவெளியும் அடைபட்டது. 2014-இல் வந்த நார்வே ஆய்வு இன்னும் எளிமையானது. பிரகாசமான வானத்தைக் கற்பனை செய்யச் சொன்னால் கண்ணின் பாவை சுருங்குகிறது, இருண்ட அறையைக் கற்பனை செய்யச் சொன்னால் விரிகிறது. நாம் விரும்பினாலும் பாவையைச் சுருக்கி விரிக்க முடியாது. கற்பனை சொன்னால் அது கேட்கிறது.

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியா போன வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் செய்ததும் இதன் பக்கத்து வீட்டு விஷயம்தான். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலி இருக்கும். இருக்கும் கையை ஒரு கண்ணாடிக்கு முன்னால் வைத்து, அதன் பிம்பத்தை இழந்த கையாகப் பார்க்கச் சொன்னார். விரல்கள் மடங்கி இறுகிக் கிடப்பதாக வேதனைப்பட்டவர்களில் பலர், கை விரிந்ததாக உணர்ந்து நிம்மதியடைந்தார்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டி இன்று பக்கவாத சிகிச்சையிலும் பயன்படுகிறது. என் அறையிலும் ஒன்று இருக்கிறது.

இனி என் அறையில் நடப்பதைச் சொல்கிறேன். தையல் தொழிலாளி ஒருவர் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த நிலையில் வந்தார். தோளும் முழங்கையும் மெதுவாகத் திரும்பின, விரல்கள் வரவில்லை. மறுபடி கடையில் உட்கார்ந்து தைப்பதாகத் தினமும் நினைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னார். அந்தக் காட்சியில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கடை வாசலில் நின்று என்னையே பார்க்கிறேன் என்றார். சரி, உள்ளே வாருங்கள், உங்கள் நாற்காலியில் உட்காருங்கள், கத்தரி எங்கே இருக்கிறது என்றேன். இடது பக்கம் என்றார். எடுங்கள், எந்த விரல் முதலில் வளையத்துக்குள் போகிறது? கட்டை விரல். அடுத்து? அவர் பதில் சொல்லவில்லை. ஆயுள் முழுக்கக் கத்தரி பிடித்தவருக்குத் தன் இரண்டாவது விரல் எது என்று சொல்லத் தெரியவில்லை. இடது கையால் கத்தரியை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வேலை அதுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துணியை விரிப்பார். அதன் மடிப்பை உள்ளங்கையால் நீவுவார். கத்தரியின் கனத்தை உணர்வார். காலர் வளைவில் மணிக்கட்டு எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போவார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சரியாகக் கற்பனை செய்யப்படும் அசைவு, உண்மையான அசைவுக்கு ஆகும் நேரத்தையே ஏறக்குறைய எடுத்துக்கொள்ளும். சட்டென்று முடித்துவிட்டால் அவர் வெறும் படம் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். மனத்தில் செய்து முடித்த கையோடு, அதே அசைவை உண்மையான கையால் முயல்வோம். வரவில்லை என்றால் மறுபடி மனத்துக்குப் போவோம், எங்கே தடைபட்டது என்று பார்ப்போம். மாதக் கணக்கில் ஆனது. விரல்கள் முழுவதும் பழையபடி வந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று அவர் துணி வெட்டுகிறார், ஊசி கோக்கும் வேலையை மட்டும் மகளுக்கு விட்டிருக்கிறார். உள்ளே ஓடிய கத்தரிக்கு வெளியே இருந்த கை கட்டுப்பட்டு வந்ததைப் பார்த்தபோது, படைப்பு என்றால் என்ன என்று எனக்கு எந்தப் பிரசங்கமும் சொல்லாததை அந்த மனிதர் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

இடையில் ஒன்று. மனத்தில் படமே வராதவர்களும் இருக்கிறார்கள். கண்ணை மூடினால் இருட்டுதான், வேறொன்றும் தெரிவதில்லை என்பார்கள். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடம் ஜீமன் 2015-இல் இதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். இப்படிப்பட்டவர்கள் தங்களுக்குக் கற்பனை சக்தியே இல்லை, கடவுள் தங்களை விட்டுவிட்டார் என்றுகூட எண்ணி வருந்துகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவர்களில் பலரால் அசைவை உணர முடிகிறது, வரிசையைச் சொல்ல முடிகிறது, அடுத்து என்ன என்று யோசிக்க முடிகிறது. என்னிடம் வந்த ஒருவர் நடையை முழுக்க முழுக்கப் பாதத்தின் அழுத்தமாகவே கற்பனை செய்தார், ஒரு படமும் இல்லாமல். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்து, நான் கோபத்தோடு எழுத வேண்டிய பகுதி. முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளைஞர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். நல்ல முன்னேற்றம். ஒரு கட்டத்தில் வருவது நின்றது. கூப்பிட்டு விசாரித்தபோது, கற்பனையால் வாழ்க்கையை மாற்றும் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். தினமும் காலையில் தான் மைதானத்தில் ஓடுவதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பயிற்சிக்குப் போனால் கால் சரியாகவில்லை என்று நீங்களே நம்புவதாக ஆகிவிடும், அந்தச் சந்தேகமே பலனைக் கெடுத்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பல வாரம் கழித்து மூட்டு இறுகி, முழுதாக நீட்டவும் முடியாமல், மடக்கவும் முடியாமல் திரும்பி வந்தார். நாங்கள் பாதியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்தப் பையனின் நம்பிக்கை சுத்தமானது. அந்த நம்பிக்கையை அவர் காலுக்கு எதிராகவே திருப்பிவிட்டவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் காலில் நடந்தது ஏன் என்று விளக்கும் ஆய்வுகளும் இருக்கின்றன. கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியல் அறிஞர், உடல் எடை குறைக்கும் சிகிச்சையில் சேர்ந்த பெண்களைப் பற்றி 1991-இல் வாடன் என்பவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். எடை குறையும் என்ற எதிர்பார்ப்பு உறுதியாக இருந்தவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. ஆனால் ஒல்லியாகிவிட்ட தங்களை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்குக் குறைவாகத்தான் குறைந்தது. 2002-இல் மேயர் என்பவருடன் அவர் வெளியிட்ட ஆய்வில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இருந்தார்கள், அதாவது என் மேசைக்கு வருகிறவர்கள் மாதிரியானவர்கள். தேறிவிடுவோம் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். தேறிவிட்ட வாழ்க்கையை இன்பக் கனவாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் பின்தங்கினார்கள். இன்பக் கனவு கண்டவுடன் உடம்பின் உந்துதலே இறங்குகிறது என்பதையும், இரத்த அழுத்தத்தை அளந்து, அவரும் கேப்பஸ் என்பவரும் 2011-இல் காட்டினார்கள். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து உடம்பு ஓய்வெடுக்கப் போய்விடுகிறது.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஃபாம், டெய்லர் என்ற இருவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கம். தேர்வுக்கு முன் சில மாணவர்களை, நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். மற்றவர்களை, எங்கே உட்கார்ந்து, எப்படிப் படிக்கிறோம் என்று படிக்கும் செயலையே கற்பனை செய்யச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டம் அதிக நேரம் படித்தது, அதிக மதிப்பெண்ணும் வாங்கியது. கற்பனை இரண்டு பக்கமும் உண்டு. உள்ளே எதைச் செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இதைப் படித்தபோது எனக்குப் பூசலார் நாயனார்தான் நினைவுக்கு வந்தார். பெரியபுராணத்தில் எனக்கு மிகப் பிடித்த வரலாறு அவருடையது. கற்பனையின் தெய்விகத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. திருநின்றவூரில் சிவனுக்குக் கோயில் எடுக்க ஆசைப்படுகிறார். பொருள் தேடி அலைகிறார், கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டுவது என்று முடிவு செய்கிறார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் கோயில் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். அந்த நாளில் திருநின்றவூர்ப் பூசல் எடுத்த கோயிலில் நான் புக வேண்டும், நீ வேறு நாள் பார் என்று மன்னன் கனவில் சிவபெருமான் சொல்கிறார். மன்னன் தேடி வந்து பூசலார் எடுத்த கோயில் எங்கே என்று கேட்கிறான். அப்படி ஒரு கோயிலே இல்லை என்கிறார்கள் ஊரார். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும்.

நாம் அவ்வளவாகக் கவனிக்காதது, சேக்கிழார் அந்தக் கட்டுமானத்தை எப்படிச் சொல்கிறார் என்பது. பூசலார் கண்ணை மூடினார், கோயில் எழுந்தது என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடவில்லை. மனத்திலேயே பொருள் சேர்க்கிறார். வேண்டிய சாமான்களைத் தேடுகிறார். தச்சர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார். இரவிலும் கண் மூடாமல் வேலை செய்கிறார். உபானம் என்ற அடி வரிசையில் தொடங்கி வரிசை வரிசையாக எழுப்புகிறார், சிகரத்தின் உயரத்தை முழக்கணக்கில் வைக்கிறார். தூபி நட்டு, சுதை வேலை முடித்து, கிணறும் குளமும் தோண்டி, மதில் எடுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். அதற்கு நெடுநாள் ஆனது என்றே சேக்கிழார் பாடுகிறார். மனத்தில் கட்டும் கோயிலுக்கு எதற்கு நெடுநாள்? ஒரு நொடியில் முடித்திருக்கலாமே. அவர் அப்படி முடிக்கவில்லை. கல்லில் கட்டுகிறவன் படும் பாடு அத்தனையையும் மனத்தில் பட்டார். சுதை பூசும் வேலையைக்கூட விடவில்லை. என் தையல்காரருக்கு நான் கடிகாரம் பார்த்த காரணமும் இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூசலார் கோயிலை முன்பு வெளியே கட்டத்தான் முயன்றார். முயன்று, கை நழுவிய பிறகே மனத்துக்குப் போனார். முயற்சிக்குப் பதிலாக அவர் கற்பனையை வைக்கவில்லை. வெளியே ஒன்றும் செய்ய வழியில்லாதபோதும் உள்ளே வேலை நிற்காது என்று காட்டினார். விக்டர் ஃபிராங்கல் என்ற வியன்னா மனநல மருத்துவர் நாஜி வதை முகாமில், புண்ணான கால்களோடு குளிரில் நடந்துபோகும்போது, வெளிச்சமும் கதகதப்பும் உள்ள ஒரு அரங்கில் முகாமின் உளவியலைப் பற்றித் தான் விரிவுரை ஆற்றுவதாகக் கற்பனை செய்தார். சொகுசான மாளிகையை அவர் நினைத்துப் பார்க்கவில்லை, தனக்குரிய வேலையை நினைத்தார். அன்று படுகிற வேதனையே நாளைய உரைக்குப் பாடமாகிவிட்டது. போருக்குப் பிறகு அப்படி உரைகளும் ஆற்றினார். மூளையில் கட்டி வந்து படுக்கையில் இருப்பவர்களிடம், இனி நடக்கவே முடியாது என்று தெரிந்தவர்களிடம், எனக்கு இந்த இருவரைப் பற்றிப் பேசத்தான் தோன்றுகிறது. அவர்களுக்கும் உள்ளே கட்ட ஏதாவது இருக்கிறது.

கட்டுரையில் பட்டும் படாமலும் ஒரு வரி இருந்தது: நம் வாழ்வில் நடப்பது எல்லாம் நாம் முன்பு கற்பனை செய்ததே. ஆசிரியரே, இந்த வரி என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தையைத் தூக்கி வரும் ஒரு தாய், கர்ப்பமாக இருந்தபோது நான் பயந்துகொண்டே இருந்தேன், அதனால்தானா என்று என்னிடம் கேட்டார். இது போன்ற ஒரு வகுப்பில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் கேட்டார். இல்லவே இல்லை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பயம் குழந்தையின் மூளையைக் காயப்படுத்தவில்லை; பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு அது. கற்பனை தெய்வத்தன்மை உள்ளது என்றால், அது துன்பப்படுகிறவர் மேல் பழி போடுவதாக இருக்க முடியாது. தெய்வம் என்று நான் வணங்குவது அப்படிச் செய்யாது.

பயம் கற்பனையின் வேலை என்பது மட்டும் உண்மை. பிரான்சில் மருந்துக்கடைக்காரராக இருந்த எமில் கூவே என்பவர், மன உறுதியும் கற்பனையும் மோதினால் கற்பனைதான் ஜெயிக்கும் என்றார். தரையில் கிடக்கும் பலகையில் யாரும் நடந்துவிடுவார்கள். அதே பலகையை இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் வைத்தால் கால் வராது. பலகை மாறவில்லை, விழுவதாக மனம் காட்டும் படம் மாறியிருக்கிறது. வயதானவர்களிடம் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு முறை விழுந்தவர், மறுபடி விழுவதையே மனத்தில் ஓட்டுகிறார். நடப்பதைக் குறைக்கிறார். கால் தசை இளைக்கிறது. அதனாலேயே விழும் ஆபத்து கூடுகிறது. இவரிடம் பயப்படாதீர்கள் என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. விழுகிற காட்சி எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நுணுக்கமாக, எழுந்து நிற்கும் காட்சியைக் கட்டித் தர வேண்டும். குதிகாலைப் பின்னால் இழு, மார்பை முன்னால் கொண்டு வா, கைகளை ஊன்று, எழு. அப்புறம் அதை உண்மையாகச் செய்ய வைக்க வேண்டும். பயந்த கற்பனை காலைக் கட்டிப்போடும் அளவுக்கு வலுவானது என்றால், துணிந்த கற்பனைக்கும் அதே வலு உண்டு. ஒரே சக்திதான்.

மூளை நரம்புகள் செய்வதைத் தெய்வம் என்று ஏன் சொல்கிறீர்கள் என்று முதல் வாசகர் கேட்கக்கூடும். நரம்புகளை நானும் படித்தவள்தான். அவை எப்படிச் செய்கின்றன என்று ஓரளவு தெரிகிறது. இல்லாததை உண்டாக்கும் உரிமை நமக்கு ஏன் கொடுக்கப்பட்டது என்பதை அந்தப் பாடம் சொல்வதில்லை. பூச்சி புழுவிடம் இப்படியொரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது கொடை. வாசகருக்கு அது நரம்பு என்றாலும் பரவாயில்லை, இந்த முறையில் பயன்படுத்திப் பார்க்கட்டும்.

நான் இரவு தூங்கும் முன் செய்வது இவ்வளவுதான். வேண்டியதைக் கடவுளிடம் சொல்கிறேன். அதற்காக நாளைக்குச் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலை எடுத்துக்கொண்டு உள்ளே நின்று செய்து பார்க்கிறேன்: எந்த அறையில், எந்த நேரத்தில், முதல் வார்த்தை என்ன, கை எங்கே இருக்கும். எங்கே தடை வரும் என்றும் ஒளிக்காமல் பார்க்கிறேன், வந்தால் என்ன செய்வேன் என்றும் அதே காட்சியில் செய்துவிடுகிறேன். தடையை நினைத்தால் தடை வந்துவிடும் என்று வகுப்புகளில் பயமுறுத்துகிறார்கள். பள்ளத்தைப் பார்த்துக் கால் வைக்கிறவன் பள்ளத்தை உண்டாக்கிவிடுவதில்லை. எட்டிங்கனின் ஆய்வுகளும், விருப்பத்தோடு தடையையும் சேர்த்து மனத்தில் நிறுத்துகிறவர்களே, அடையக்கூடிய இலக்குகளுக்காக அதிகம் உழைக்கிறார்கள் என்று காட்டுகின்றன.

உங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே “எண்ணிய எண்ணியாங்கு எய்துப” என்று குறளைப் போட்டிருந்தீர்கள். மீதியைப் போடவில்லை. எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின் என்று நிபந்தனை வைத்துத்தான் வள்ளுவர் அதை முடிக்கிறார், அந்தக் குறள் இருப்பதும் வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில். வினை என்ற சொல்லை அதிகாரத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டுதான் எண்ணத்தைப் பற்றிப் பேசுகிறார் அவர்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. கற்பனையால் நோய் தீரும், மருந்தும் பயிற்சியும் தேவையில்லை என்ற பொருளில் வரும் எதையும், விளம்பரமாக இருந்தாலும், தயவுசெய்து வெளியிடாதீர்கள். அடுத்து, கற்பனையால் வாழ்க்கை மாறியவர்களின் அனுபவங்களைத் தொடராக வெளியிடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதை வரவேற்கிறேன், நானே முதல் ஆளாகப் படிப்பேன். எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரிடமும், மனத்தில் என்ன கண்டீர்கள் என்பதோடு நிறுத்தாமல், மறுநாள் காலையில் முதலில் என்ன செய்தீர்கள் என்பதையும் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
ஒரு இயன்முறை மருத்துவர்